விழப்போகிற பல்

என் மகளின் தாடைக்குக் கீழே, வலப்பக்கம், ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "கீழ விழுந்துட்டாளா?" என்று கேட்கிறார்கள். சொத்தைப் பல்லால் வந்தது என்றால் நம்புவதில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பல்லுக்காகக் கழுத்தைக் கீறுவார்களா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். போன வருடம் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கத்து மலையில், பெரும்பாறை அருகே, ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறோம். என் கணவர் முருகேசன் ஜீப் ஓட்டுகிறார். ஆரஞ்சையும் மிளகையும் வத்தலக்குண்டு சந்தைக்கு இறக்குவது அவர் வேலை. அவருடைய அக்கா பேச்சியம்மாள், என் மதினி, எங்களோடு இருக்கிறார். கல்யாணமான இரண்டாம் வருடமே கணவரை இழந்தவர். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறார். என் அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் வேலை பார்த்துக் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்திருக்கிறேன். இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. காலையில் மூன்று மைல் நடந்து படித்த படிப்பு.

எங்கள் லைனில் மருந்து மிச்சமானால் யாரும் எறிய மாட்டார்கள். டாக்டரைப் பார்க்கக் கீழே இறங்கினால் ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் ஒரு வீட்டில் மிஞ்சிய மாத்திரை அடுத்த வீட்டுக்குப் போகும். போகிற வழியில் என்னிடம் வரும். "செல்வி, இது காச்சலுக்கா, இருமலுக்கா, பாத்துச் சொல்லு தாயி" என்று அட்டையை நீட்டுவார்கள். நான் பெயரை வாசித்து, தேதியைப் பார்த்து, பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு அரை என்று சொல்லி அனுப்புவேன். "எங்க வீட்டு அரை டாக்டரம்மா" என்று மதினி கேலி செய்வார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும்.

என் மகள் தர்ஷினிக்கு இரண்டு வயது நடக்கும்போது மேல் பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக ஒரு வரி தெரிந்தது. பிறகு அது பழுப்பானது. மூன்று வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்புக் குழி. "ஏ புள்ள, இவ பல்லு அரிச்சிக் கெடக்கே, காட்டிட்டு வருவோமா?" என்று கேட்டது எழுதப் படிக்கத் தெரியாத மதினி. "பால் பல்லு மதினி. எப்படியும் விழப்போறதுதானே" என்று சொன்னது நான்.

பகலில் பிள்ளை மதினியோடு தோட்டத்துக்குப் போகும். பழம் பறிக்கிற சீசனில் மலையில் குளிர் எலும்பைப் பிடிக்கும். எல்லாப் பெண்களும் செய்வதைப் போல மதினியும் பால் புட்டியில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பியை ஊற்றிக் கொடுப்பார். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டு செடி நிழலில் சாக்கின் மேல் கிடக்கும். ராத்திரியில் அதே புட்டியில் சர்க்கரைப் பால் ஊற்றி வாயில் வைத்துவிடுவேன். அது சப்பியபடியே தூங்கிவிடும். நான் புத்தகத்தைத் திறப்பேன்.

கார்த்திகைக் கடைசியில் முதல் வீக்கம் வந்தது. வலது கன்னம் கொழுக்கட்டை போலிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்துவிட்டு, பொடியில் தண்ணீர் கலக்கித் தருகிற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார். "ஏழு நாள் விடாம குடுங்க. வீக்கம் வத்திரும், ஆனா பல்லு அப்படியேதான் இருக்கும். திண்டுக்கல்லுல பல் டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. பிள்ளை ஆடியது, பாடியது. நல்லாயிருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று நிறுத்தினேன். அரை பாட்டில் மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கி அலமாரி மேல் வைத்தேன். பல் டாக்டரிடம் தேர்வு முடிந்து போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தை பிறந்து நாலைந்து நாளில் மறுபடியும் வீங்கியது. இந்தத் தடவை கன்னத்தில் இல்லை, தாடைக்குக் கீழே. தொட்டால் கல் மாதிரி இருந்தது. மதினி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். நான் அலமாரி மேலிருந்த பாட்டிலை எடுத்துக் குலுக்கி ஊற்றினேன். புளித்த வாடை வந்தது. லேபிளைப் பார்த்தேன். காலாவதித் தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. தேதி சரியாக இருக்கிறது என்று கொடுத்தேன். இரண்டு நாள் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை எச்சிலை விழுங்கவில்லை. வாயோரத்தில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குப் பூட்டிக்கொண்டிருந்தது. படுக்கவைத்தால் எழுந்து உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி மூச்சு விட்டாள். "அம்மா" என்றது வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

"கெளம்பு, கெளம்பு, வெரசா!" என்று கத்திக்கொண்டே முருகேசன் ஜீப்பிலிருந்த ஆரஞ்சுக் கூடைகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டார். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் பிள்ளையின் தலை என் நெஞ்சில் இடித்தது. திண்டுக்கல்லில் பார்த்தவுடன் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். என் வயதைவிட நாலைந்து வயது கூடுதலான ஒரு பெண் டாக்டர் வந்து, டார்ச் அடித்து, நாக்குக்கு அடியில் பார்த்தார். எனக்குப் புரியும்படி சொன்னார். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தமும் ஓடுகிற அறை ஒன்று இருக்கிறது. சொத்தை அதுவரை போனால் கிருமி வேர் வழியாகத் தாடை எலும்பில் இறங்கிச் சீழாகும். வெளியே வர வழி கிடைக்காத சீழ் சதைகளுக்கு நடுவில் உள்ள இடத்தில் பரவும். கீழ்ப் பல் என்றால் தாடைக்குக் கீழும் நாக்குக்கு அடியிலும் போகும். நாக்கை மேலே தள்ளும். நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுக் குழாய்.

"மூச்சு அடைச்சிருமா டாக்டர்?"

"அடைக்க விடக் கூடாதுன்னுதான் இங்க வச்சிருக்கோம்" என்றார். அடைக்காது என்று அவர் சொல்லவில்லை.

பிறகு ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். பால் புட்டி உண்டா? உண்டு. அதில் என்ன கொடுப்பீர்கள்? "எங்க மதினி கடுங்காப்பி குடுப்பாங்க. கருப்பட்டி போட்டு" என்றேன். வீக்கத்துக்கு என்ன செய்தீர்கள்? "மதினி உப்பு ஒத்தடம் குடுத்தாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முன்னால் கொடுத்த மருந்து?

"ஏழு நாளும் முழுசா குடுத்தேன். நான் படிச்சவ டாக்டர். நேரம் தவறாம குடுத்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். மதினி என் பின்னால் பிள்ளையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"காப்பி குடுத்தது நீங்களாம்மா?" என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"குளுருக்குத்தாங்க குடுத்தேன்" என்றார் மதினி.

வெளியே ஆஸ்பத்திரி வாசலில், டீக்கடை முன்னால், முருகேசன் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "எத்தன தடவ சொல்லிருப்பா செல்வி, பிள்ளைக்குக் காப்பி குடுக்காதன்னு! நீ கேட்டியா? ஒங் காப்பிதான் எம் பிள்ளையக் கொல்லப் பாக்குது!" டீ குடிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று அவருக்கும் தெரியும். மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

கையில் ஊசி குத்தி, அதன் வழியாக மருந்து இறங்கியது. அன்று முழுவதும் பிள்ளை உட்கார்ந்தபடியே என் மேல் சாய்ந்து கிடந்தாள். விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் அளவையும் நாடியையும் ஒரு சின்னத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் எண் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று நான் வாசித்தது அந்த ஒரு எண்ணைத்தான்.

மறுநாள் காலையில் வீக்கம் வற்றவில்லை. மத்தியானம் ஆப்பரேஷன் என்றார்கள். கீறிச் சீழை எடுத்து, பல்லையும் பிடுங்க வேண்டும். அதோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்.

"முழுசா ஏழு நாள் மருந்து குடுத்தும் ஆறு வாரத்துக்குள்ள இவ்வளவு பெருசா வந்திருக்குன்னா, அது சாதாரணமில்லம்மா. வெள்ளை அணு சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும். காசநோய் இருக்கான்னு பாக்கணும். ரத்தத்துல வேற ஏதாவது பெரிய குறை இருக்கான்னும் பாக்கணும். இன்னும் ரத்தம் எடுக்கச் சொல்லிருக்கேன்."

வெள்ளை அணு என்பது கிருமியோடு சண்டை போடுகிற ரத்த அணு. பெரிய குறை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போட்டித் தேர்வு அறிவியல் புத்தகத்தில் ரத்தப் புற்றுநோய் பற்றிய பாடத்தில் நான் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

நர்ஸக்கா ஒருவர் வந்தார். மதுரைக்காரர், வாய்த் துடுக்கு. "என்ன தங்கம், நரம்பெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்க? மலையிலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று பிள்ளையைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். பிள்ளையால் சிரிக்க வாய் திறக்க முடியவில்லை. இடது கையில் குத்தினார், கிடைக்கவில்லை. புறங்கையில் குத்தினார். பிறகு பாதத்துக்குப் போனார். வாய் பூட்டிய பிள்ளை அழுதால் சத்தம் வெளியே வராது. தொண்டைக்குள்ளேயே சுற்றும். மதினி பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "என்னயக் குத்துங்க தாயி, நான் பண்ணுன பாவத்துக்கு என்னயக் குத்துங்க" என்றார்.

இந்த ஊசிகள் எதற்கு என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் மகளுக்கு இல்லாத ஒரு நோயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன ஒரு பொய்க்காக அவள் பாதத்தில் துளை போட்டார்கள்.

அப்போதும் நான் உடனே சொல்லவில்லை. நர்ஸக்கா ஒரு குப்பியை நிரப்பிவிட்டு அடுத்ததை எடுத்தபோது, "மதினி, போய் வென்னி வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். கதவு மூடியதும், "கொஞ்சம் நிறுத்துங்கக்கா, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டர் வந்ததும் சொன்னேன். மூன்று நாள்தான் கொடுத்தேன். மிச்சத்தை எடுத்து வைத்தேன். இப்போது அதையே கொடுத்தேன். காப்பி மட்டும் இல்லை, ராத்திரி பாலும் நான்தான் வாயில் வைத்துத் தூங்கவைத்தேன். ஒத்தடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நர்ஸக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "இத நேத்தே சொல்றதுக்கு என்ன? வாயி ஒனக்குமா பூட்டிருச்சு?" என்றார். டாக்டர் அவரைக் கையால் தடுத்தார். எழுதியதை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினார்.

"தண்ணி கலந்த மருந்து ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரந்தான் தாங்கும். அட்டையில இருக்குற தேதி கலக்காத பொடிக்கு. நீங்க குடுத்தது இனிப்புத் தண்ணி மாதிரிதான்" என்றார். "மூணு நாளுல வீக்கம் போகும். கிருமி போகாது. தப்பிச்ச கிருமிதான் திரும்பி வந்திருக்கு. சரி, மத்த டெஸ்ட்டு இப்ப வேணாம். ஆப்பரேஷனுக்குக் கொண்டு போவோம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மதினி வெந்நீரோடு வந்தபோது பிள்ளையைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். மயக்க டாக்டர் எங்களிடம் கையெழுத்து வாங்கினார். வாய் திறக்காததால் மூச்சுக் குழாயில் டியூப் இறக்குவது கஷ்டம், முடியாமல் போனால் கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்ததை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முருகேசன், "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். "வழக்கமா எழுதுறதுதான்" என்றேன்.

இரண்டு மணி நேரம் ஆனது. கழுத்தில் ஓட்டை போட வேண்டி வரவில்லை. தாடைக்குக் கீழே கீறி, சீழை வடித்து, மிச்சம் வடிய ஒரு ரப்பர்த் துண்டைச் செருகிவைத்திருந்தார்கள். நான்கு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். மூன்று கறுப்பு, ஒன்று பாதி. விழப்போகிற பற்கள்தான். ஆனால் கடைவாய்ப் பால் பல் பத்து, பதினொரு வயதில்தான் விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது கீழே வளர்கிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்குமாம். இடம் போனால் வரப்போகிற பல் கோணலாகும்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தோம். தினமும் காயத்தைக் கழுவினார்கள். பிள்ளை என்னைப் பார்த்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கஞ்சியை மதினி கொடுத்தால் மட்டும் குடித்தாள். மதினி ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "இது குடுக்கலாமா?" என்று கேட்டார். வெறும் அரிசிக் கஞ்சிக்குக்கூட அப்படிக் கேட்டார். அவர் காப்பி குடிப்பதை விட்டிருந்தார். டீக்கடைப் பக்கமே போகவில்லை. டீக்கடை முன்னால் பேசியதற்காக ஒரு நாள் முருகேசன், "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்க்கா" என்றார். "நீ சொன்னது நெசந்தானடா" என்றார் மதினி. அப்போதும் நான் அங்கே இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று பல் பிரிவு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் மலையில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் பல் முளைத்த அன்றிலிருந்து தேய்க்க வேண்டும். மூன்று வயது வரை புளோரைடு உள்ள பேஸ்ட் ஓர் அரிசி அளவு, பிறகு ஒரு பட்டாணி அளவு. பிள்ளை தானே தேய்த்தாலும் ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் ஒரு தடவை தேய்த்துவிட வேண்டும். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறையும். அப்போது பாலோ காப்பியோ பல்லில் தேங்கினால் விடியும்வரை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு வயதில் புட்டியை விட்டுவிட வேண்டும். மாதம் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் அப்போதே போக வேண்டும். அந்த நிலையில் ஒரு பூச்சுப் பூசினால் போதும், நின்றுவிடும். குழி விழுந்தால் அடைக்கலாம், பல்லின் மேல் உலோகத் தொப்பி மாட்டலாம். வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது.

"பகல் காப்பி ஒரு பங்கு, ராத்திரிப் பால் பெரிய பங்கு" என்று அவர் சொன்னபோது மதினி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "புள்ள நல்லாத்தான் வளந்தா. எங் கைதான் ஆகாத கை" என்று தனக்குத்தானே சொன்னார். அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் மதினி. ஆப்பரேஷன் அன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டேன்."

"அன்னைக்கு நான் அங்கனதான இருந்தேன்."

என் பார்வை மூலையிலிருந்த பிளாஸ்க்குக்குப் போனது.

"வென்னிக்கு அனுப்புனியே, அப்பவா?" என்றார். "பிளாஸ்க்குல முக்கா அளவு கெடந்துச்சு. பழைய வென்னி ஆகாது போலன்னு கீழ ஊத்திட்டுப் புதுசு பிடிச்சுட்டு வந்தேன்."

"ஆமா மதினி."

"காப்பினால வரலயா அப்ப?"

"அதும் ஒரு காரணந்தான். ஆனா நான் பண்ணுனதுதான் பெருசு."

மதினி பிள்ளையின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினார். காலில் விழலாம் என்று நினைத்தேன். அதற்கும் எனக்கு உடம்பு வளையவில்லை.

"ஒம் புருசன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு. ஆனா வீட்டுக்குள்ள வச்சுக் குசுகுசுன்னு சொல்லாத" என்றார். "அவன் என்னய வீட்டுக்குள்ள வச்சு ஏசல."

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஜீப் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம். லைன் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். முருகேசன் இறங்கி, பிள்ளைக்கு வாங்கிய புது பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குடத்தைத் தூக்கவில்லை. நிறைந்த குடத்தின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மதினி வெளியே வரவில்லை.